டவுங்கூ முருகனுக்குக் கை சேர்த்த கதை

2025 ஏப்ரல் கடைசியில் பர்மாவின் டவுங்கூ ஊரிலிருந்து அத்தை பஸ்ஸில் ஒரு அரிசிச் சாக்கு அனுப்பினாள். பிரித்தால் இரண்டு பழைய லுங்கியில் சுற்றிய முருகன். கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இடது முன்கை, தனியே இரண்டு விரல், ஒரு கைப்பிடி மரத்தூள். கீழே விழுந்த இடத்தைக் கூட்டி, தூளைக்கூட விடாமல் அள்ளிப் போட்டிருக்கிறாள். சாமியின் துணுக்கு குப்பைக்குப் போகக் கூடாது என்பது அவள் கணக்கு. உடைந்த மரத்தைச் சேர்க்கிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. அந்தத் தூளுக்குள் கிடந்த நகக்கண் அளவு சில்லுகளில் நான்கு, கடைசியில் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன.

நான் ரங்கூனில் தாமுவே பக்கம் மரச்சாமான் பழுது பார்த்து பாலிஷ் போடுகிறவன். நாற்காலிக் கால், அலமாரிக் கதவு, இதுதான் என் பிழைப்பு. சாமி சிலை இதற்கு முன் தொட்டதில்லை. அந்த வருஷம் மார்ச் 28 பூகம்பத்தில் அத்தை வீட்டுப் பூஜை அலமாரி சாய்ந்து, நான்கடி உயரத்திலிருந்து முருகன் சிமெண்டுத் தரையில் விழுந்துவிட்டார். பங்குனி உத்திரத்துக்கு இரண்டே வாரம். பின்னமான சாமியை வீட்டில் வைக்கலாமா என்று அங்கே கோயில் குருக்களைக் கேட்டிருக்கிறாள். "முகம் போயிருந்தால் சித்தாங் ஆற்றில் விடு என்றுதான் சொல்லியிருப்பேன். கை கையோடுதானே இருக்கிறது, சேர்த்துவிடலாம்" என்று சொல்லி, ஒரு கும்பம் வைத்து, சாமியைக் கும்பத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். அதனால் சாக்கில் வந்தது வெறும் மரம். அத்தை போனில் இதை மூன்று தரம் சொன்னாள். உளி வைக்க என் கை நடுங்கக் கூடாதே என்றுதான்.

ஆள் 22 அங்குலம். நின்ற கோலம், பின்னால் மயில், கீழே பீடம். வலது கை அபயம். இடது கை விரல் மடங்கி வேல் பிடிக்கிற மாதிரி. வேல் தனி, பித்தளை, கழற்றி மாட்டலாம். அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. மேலே கிளிப்பச்சை எனாமல் பெயிண்ட், வேட்டிக்கு ரோஸ், மயிலுக்கு நீலம். தூக்கிப் பார்த்தேன், இரண்டரை வீசை, அதாவது நாலு கிலோ இருக்கும். (பர்மா எடைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'விஸ்' நம்ம வீசையிலிருந்து வந்தது என்பார்கள். தமிழ்நாட்டில் வீசை போய்விட்டது, இங்கே மார்க்கெட்டில் இன்னும் அதில்தான் வெங்காயம் வாங்குகிறோம்.)

உடைந்த கையைச் சேர்ப்பது ஒருநாள் வேலை என்று நினைத்தேன். பீடத்தைத் திருப்பிப் பார்த்ததும் அந்த நினைப்பு போயிற்று. அடியில் கறையான் போட்ட மண்தடம். மரத்தில் பூச்சி இருந்தால் முதலில் அதைக் கொல்ல வேண்டும். சுத்தமான வழி, பிளாஸ்டிக்கில் சுற்றி ஆழ்குளிர்ப் பெட்டியில் ஒன்றிரண்டு வாரம் போடுவது. ரங்கூனில் கரண்ட் இருக்கிற நேரத்தை விட இல்லாத நேரம் அதிகம். ஜெனரேட்டர் ஓட்டிப் பெட்டியைக் காப்பாற்றுகிறவர்கள் மீன் வியாபாரிகள்தான். முருகனை இறாலோடு படுக்க வைத்தேன் என்று அத்தைக்குத் தெரிந்தால் என்னை வீட்டுப்படி ஏற விடமாட்டாள். ஆகவே சோம்பேறி வழி: கறுப்புக் காகிதம் விரித்து, அதன்மேல் சிலையை நிறுத்தி, இரண்டு வாரம் தொடாமல் விட்டேன். உயிருள்ள புழு இருந்தால் புதுத்தூள் கொட்டும், கறுப்பில் பளிச்சென்று தெரியும். ஒன்றும் கொட்டவில்லை. கறையானும் பழைய கதை. பீடத்தின் தேக்கில் வெளிப்புற வெள்ளை மரத்தை மட்டும் தின்றுவிட்டு, வைரம் பாய்ந்த நடுமரத்தைத் தொடாமல் போயிருந்தது. தேக்கின் வைரத்தில் எண்ணெய் இருக்கிறது, அது கறையானுக்கு ஆகாது. தின்ற பகுதியைச் செதுக்கி எடுத்து, பழைய கதவுச் சட்டத்திலிருந்து வெட்டிய தேக்குத் துண்டு ஒன்றைப் பொருத்தினேன். அது ஒரு மதிய வேலை.

உண்மையான நோய் காலில் இருந்தது. குத்தூசியை வைத்து லேசாக அழுத்தினேன், கணுக்கால் வரை அரை அங்குலம் இறங்கியது. ஊறிய ரொட்டி மாதிரி. மேலே முழங்காலில் மரம் கல்லாக இருக்கிறது. இவ்வளவு ஒழுங்காக ஒரு கோடு போட்ட மாதிரி உளுத்திருந்தால் அது பூச்சி இல்லை, தண்ணீர். போன் போட்டேன்.

"அத்தே, சாமிக்கு அபிஷேகம் பண்ணுவீங்களா?"

"பண்ணாம? மாசா மாசம் கிருத்திகைக்குப் பால், எளநீ, பஞ்சாமிர்தம். எங்க மாமியார் காலத்துலேர்ந்து ஒரு மாசம் தவறினதில்ல."

மாமியார் காலம் என்றால் குறைந்தது அறுபது வருஷம். கல்லுக்கும் ஐம்பொன்னுக்கும் ஊற்றுகிறதை மரத்துக்கு ஊற்றியிருக்கிறார்கள். பால் மரத்துக்குள் இறங்கிப் புளித்து, பூஞ்சைக்குச் சோறாகியிருக்கிறது. கால் கறுத்ததைப் பார்த்து யாரோ பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் வெளியே வருகிற ஈரத்தையும் உள்ளேயே பூட்டிவிட்டது. மறுபடி கறுப்பு, மறுபடி பெயிண்ட். நான் சொன்னதை அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

"அத்தி வரதர் நாப்பது வருஷம் கொளத்துக்குள்ளயே கெடக்காரேடா. அவரு மரந்தானே? 2019ல எடுத்தப்ப போன்ல பாத்தேன், முழுசாத்தானே இருந்தாரு."

நல்ல கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை, ராத்திரி படுத்தபின் வந்தது. காஞ்சிபுரத்துக் குளத்தில் அவர் எப்போதும் தண்ணீருக்குள். மரத்தைத் தின்கிற பூஞ்சைக்கும் மூச்சு வேண்டும். முழுக்க முங்கிய மரத்துக்குள் காற்று இல்லை, அதனால் பூஞ்சை பிழைக்காது. மரத்தைக் கொல்வது நனைவதும் காய்வதும் மாறி மாறி வருவதுதான். ஆற்றில் நட்ட படகுத்துறைக் கம்பத்தைப் பார்த்தால் தெரியும்: அடியில் நன்றாக இருக்கும், தண்ணீர் ஏறி இறங்குகிற இடத்தில்தான் இற்றுப்போகும். கோயில்களிலேயே மர மூலவருக்கு அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புதான். திருக்கோவிலூரில் உலகளந்த பெருமாள் மரம், அவருக்கும் அப்படித்தான். மறுநாள் இதைச் சொன்னேன். "சரி, நீ கையை ஒட்டு, அப்புறம் பாப்போம்" என்று வைத்துவிட்டாள்.

கைக்கு முன்னால் பெயிண்ட். வேட்டியின் பின்பக்கம், யாரும் பார்க்காத இடத்தில், ஒரு அங்குலச் சதுரத்தில் மட்டும் அடுக்கடுக்காகத் திறந்து பார்த்தேன். ரோஸ், அதன் கீழ் சிவப்பு, அதன் கீழ் வெள்ளை, அதன் கீழ் விளக்கெண்ணெய்ப் புகை படிந்த தார் மாதிரி ஒரு கறுப்பு. அதற்கும் கீழே தங்கம். தகரத்தில் பூசுகிற தங்க பெயிண்ட் இல்லை, தங்க ரேக்கு, மெல்லிசாக அடித்த தங்கத் தாள். அதன் அடியில் பளபளவென்று இன்னொரு கறுப்பு. அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, தித்சி. பர்மாவில் புத்தர் சிலைக்கும் பகான் கிண்ணத்துக்கும் பூசுகிற மரப்பால்.

இது என் அதிர்ஷ்டம். காய்ந்து முற்றிய தித்சியை அசிட்டோன் அசைக்காது, எனாமலை மட்டும் நெகிழ்த்தும். பஞ்சைக் குச்சியில் சுற்றி, அசிட்டோனில் தொட்டு, பெயிண்ட் மேல் உருட்டினால் ரப்பர் மாதிரிச் சுருங்கும்; மழுங்கிய கத்தியால் தூக்கிவிடலாம். உருட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. இதை எழுதும்போது எளிதாக இருக்கிறது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவசரத்தில் வலது கன்னத்தில் தேய்த்துவிட்டேன். பச்சையோடு ஐந்து ரூபாய் நாணயம் அளவு தங்கமும் வந்துவிட்டது. அன்றைக்குக் கடையை மூடிவிட்டுப் போய் ஒரு டீ குடித்தேன். அந்த இடம் இன்றும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

புகைக்கறைக்கு டர்பென்டைன், அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு. மியூசியத்தில் வேலை செய்கிறவர்கள் இந்த மாதிரி அழுக்குக்குத் தங்கள் எச்சிலையே பஞ்சில் தொட்டுத் துடைப்பார்கள். எச்சிலில் இருக்கிற நொதி அழுக்கை இளக்குமாம். வாயிலே தண்ணீர் கொண்டுபோய் சாமியைக் குளிப்பாட்டியது கண்ணப்பருக்குச் செல்லும், எனக்குச் செல்லாது. தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன்.

எல்லாம் எடுக்க ஐந்து வாரம் ஆயிற்று, கடை வேலைக்கு நடுவே. பச்சை போனதும் வெளியே வந்த முகம், நம்ம ஊர் முகமாக இல்லை. புருவம் ஒரே வில்லாக வளைந்து மூக்கோடு சேர்கிறது, காது மடல் நீண்டு தோளைத் தொடப் பார்க்கிறது, உதட்டோரத்தில் புத்தர் சிலைச் சிரிப்பு. மார்பில் மாலைக்குப் பதில், புழு மாதிரி உருட்டி ஒட்டிய கொடிவேலை. அதற்கிடையில் பச்சையும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள். இது தயோ வேலை. தித்சியில் சாம்பலைப் பிசைந்து களிம்பாக்கி, நூலாகத் திரித்து ஒட்டுவார்கள். மாண்டலே பக்கத்துப் புத்தர் சிலைகளில் காவி விளிம்பெல்லாம் இப்படித்தான் இருக்கும்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும் உறுதியாக்கியது மயில். முருகனின் விரல்கள் கொஞ்சம் தயங்கித் தயங்கிச் செதுக்கியவை. வேல் பிடிக்கிற கை எப்படி மடங்கும் என்று யாரோ சொல்லச் சொல்லக் கேட்டுச் செய்த மாதிரி இருக்கும். மயிலில் ஒரு தயக்கமும் இல்லை. கழுத்து வளைவு ஒரே இழுப்பு. இறகுக் கண்கள் ஒவ்வொன்றும் மூன்றே உளிவெட்டில் விழுந்திருக்கின்றன. மயில் பர்மா ராஜாக்களின் சின்னம். இங்கே செதுக்கத் தெரிந்தவனுக்கு மயில் கண்ணை மூடிக்கொண்டு வரும். தமிழன் ஒருத்தன் போய் "மயில் செய், பக்கத்தில் எங்கள் சாமியையும் வை" என்று கேட்டிருப்பான் போல.

அப்புறம் கை. முன்கை முழங்கையில் தனித்துண்டாகச் செய்து, துளைக்குள் இறங்குகிற கழுந்து என்ற மரமுளை வைத்துச் சேர்த்தது. ஏற்கெனவே ஒருமுறை கழன்று, யாரோ மூன்று இரும்பாணி அடித்திருக்கிறார்கள். அபிஷேகத் தண்ணீரில் ஆணி துருப்பிடித்து வீங்கி, மரத்தை உள்ளேயிருந்து பிளந்து வைத்திருந்தது. பூகம்பம் கடைசியாக ஒரு தட்டுத் தட்டியது, அவ்வளவுதான். சால்டரிங் அயர்னை ஆணித் தலையில் ஒரு நிமிஷம் வைத்தால் துருவின் பிடி விடும். குறட்டால் திருகி, இழுக்காமல், திருகித் திருகியே எடுக்க வேண்டும். மூன்றில் ஒன்று உடைந்து உள்ளே நின்றுவிட்டது. அதைச் சுற்றி ஊசித் துளைகள் போட்டுத்தான் வெளியே கொண்டுவந்தேன்.

உடைந்த கழுந்தைத் துளையிலிருந்து கிளறி எடுத்தபோது அதன் பக்கத்தில் கத்தி நுனியால் கீறிய ஒரு குறி. டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தேன், அங்கேயும் அதே குறி. பர்மிய எண் 2. எந்த முன்கை எந்த முழங்கைக்கு என்று செதுக்கியவன் தனக்காகப் போட்டுக்கொண்டது. நானும் அலமாரிக் கால்களுக்கு இப்படித்தான் பென்சிலில் எண் போடுவேன். அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

மரமும் தேக்கு இல்லை, பீடம் மட்டும்தான் தேக்கு. சிலை வெளிர் மஞ்சள், லேசான மரம். நகத்தால் அழுத்தினால் தடம் விழும். இங்கே யமனே என்பார்கள், பொம்மலாட்டப் பொம்மை செய்கிற மரம். நம்மூரில் குமிழ். செதுக்க வெண்ணெய் மாதிரி, ஆனால் தேக்கு மாதிரித் தண்ணீரைத் தாங்காது.

உளுத்த காலை வெட்டிப் புதுக்கால் வைக்க எனக்கு மனமில்லை. சிங்கப்பூரில் இருக்கிற தம்பி பாரலாய்டு பி-72 என்ற பிசினில் கொஞ்சம் வாங்கி அனுப்பினான். மியூசியங்கள் நம்புகிற சரக்கு. பிறகு வேண்டாமென்றால் அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாம். நூற்றுக்கு ஐந்து பங்கு கரைசலாக ஊசியில் ஏற்றினேன், காய்ந்தபின் பத்துப் பங்கு. முதலிலேயே கெட்டியாக ஏற்றினால் மேல்தோலில் உறைந்து உள்ளே இறங்காது. நான்கு சுற்றுக்குப் பிறகு குத்தூசி நின்றது.

புதுக்கழுந்து யமனேயிலேயே செய்தேன். பசைக்கு ஆசாரிகள் வழக்கமாக வைப்பது வஜ்ஜிரம், சூடாக்கினால் விடும், இந்த வேலைக்கு அதுதான் பொருத்தம். அது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது என்று அத்தைக்குத் தெரியும், எங்கள் தாத்தா ஆசாரி. "சாமி கைக்குத் தோல் பசையா?" என்றாள். சரி, பசையே வேண்டாம். கழுந்தை இறுக்கமாக இழைத்து இறக்கி, குறுக்கே ஒரு துளை போட்டு மூங்கில் ஆணி தட்டிவிட்டேன். நாளைக்கு யாருக்காவது கழற்ற வேண்டுமென்றால் ஆணியைத் தட்டினால் போதும். பிளவுக்கும் விரல்களுக்கும் மட்டும் சாதாரண வெள்ளைப் பசை.

இனி தயோ. இணைப்பை மறைக்கவும், மார்பில் உதிர்ந்த கொடிவேலையைத் தொடரவும் அது வேண்டும். ஷ்வேடகோன் பகோடாவின் கிழக்கு வாசல் பக்கம் புத்தர் சிலைக்கு மெருகு போடுகிற ஒரு சயாவிடம், அதாவது பர்மிய வாத்தியாரிடம், போய் நின்றேன். மயிலைப் பார்த்துவிட்டு, "இது எங்கள் ஆள் கை" என்றார். கால் வீசை தித்சி கொடுத்தார். சாம்பல் என்ன போடுவது என்று கேட்டேன். எலும்புச் சாம்பல் போட்டால் நல்ல கெட்டி, உமிச் சாம்பலும் போடலாம், மாட்டுச் சாணச் சாம்பலும் பழைய வழக்கம்தான் என்றார்.

எலும்பைப் பற்றி அத்தையிடம் வாயே திறக்கவில்லை. சாணச் சாம்பல் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வாசனை எதுவும் கலக்காத நயமான திருநீறு அரை டப்பா அனுப்பச் சொன்னேன். "எதுக்கு?" "களிம்புல போட." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "ரெண்டு டப்பாவா அனுப்பறேன்" என்றாள்.

மெல்லிய துணியில் மூன்று தரம் சலித்து, கண்ணாடிப் பலகை மேல் தித்சியை ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருநீற்றைச் சேர்த்துக் கத்தியால் மடித்து மடித்துப் பிசைய வேண்டும். முதலில் தேன் மாதிரி ஓடும், அப்புறம் சப்பாத்தி மாவு மாதிரி வரும், கையில் ஒட்டாமல் நூலாகத் திரிகிற ஒரு பதம் உண்டு. அதைத் தாண்டினால் வெடிக்கும். முதல் உருண்டையைத் தாண்டவிட்டு எறிந்தேன். இரண்டாவதை ஈரக் கண்ணாடி மேல் உள்ளங்கையால் உருட்டி, ஊசிமுனையில் எடுத்து ஒட்டினேன். பழைய கொடி பக்கத்திலேயே இருந்ததால் வளைவைப் பார்த்துப் பார்த்துப் போக முடிந்தது. சயா செய்தால் பத்து நிமிஷம், எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

கையுறை போடச் சொன்னார். போட்டேன், மணிக்கட்டுக்கு மேலே மறந்துவிட்டேன். சேங்கொட்டைப் பால் பட்டால் வருமே, அதே புண். இரண்டும் ஒரே குடும்பத்து மரம்தானாம், மாவும் முந்திரியும்கூட அதில்தான். பத்து நாள் முழங்கை வரை கொப்புளம். ராத்திரி சொறியாமல் இருக்கக் கையில் துணி சுற்றிக்கொண்டு தூங்கினேன்.

தித்சி வெயிலில் காயாது. இருட்டும் ஈரக்காற்றும் இருந்தால்தான் இறுகும்; பகான் வறண்ட ஊர் என்பதால் அங்கே நிலவறை கட்டி அதற்குள் வைக்கிறார்கள். ஜூலை மாத ரங்கூனில் ஊரே நிலவறை. மரப்பெட்டிக்குள் ஈரத்துணியோடு மூடி வைத்தேன், ஒரு பூச்சுக்கு ஒரு வாரம். கடைசிப் பூச்சு முக்கால்வாசி காய்ந்திருக்கும்போது தங்க ரேக்கு. விரல் முட்டியால் தொட்டால் இழுக்க வேண்டும், கறை படியக் கூடாது. மாண்டலேயில் சுத்தியலால் அடித்தே செய்கிற ரேக்கு, மூச்சு விட்டால் பறந்துவிடும். மின்விசிறியை நிறுத்த அவசியமில்லை, கரண்ட் இல்லை.

புதுக் கொடிவேலைக்கும் கை இணைப்புக்கும் மட்டும்தான் ரேக்கு ஒட்டினேன். அத்தை வீடியோவில் பார்த்துவிட்டு, "முழுசா ஒட்டிடேன், பளபளன்னு இருக்கும். மயிலுக்குக் கொண்டையும் இல்ல, ஒண்ணு செஞ்சு வையி" என்றாள். கொண்டை போன இடத்தில் பழைய துளை மட்டும் இருக்கிறது. அது எப்படி இருந்தது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை, ஒரு படமும் இல்லை. நான் செய்தால் அது என் கற்பனையாக இருக்கும், அந்த மூன்று வெட்டுக்காரனின் மயிலில் என் கொண்டை அசிங்கமாக நிற்கும். முடியாது என்றேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். தங்கம் விஷயத்தில் மட்டும் விலையைச் சொன்னதும் அவளே விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு நானே கொண்டுபோனேன். பஸ்ஸில் மடியில்தான். குருக்கள் வந்து கும்பத்திலிருந்து சாமியைத் திரும்ப இறக்கினார். அபிஷேகப் பேச்சை நான் எடுப்பதற்கு முன் அவரே எடுத்தார்: வேலைக் கழற்றித் தட்டில் நிறுத்தி அதற்குப் பால் ஊற்றுங்கள், வேலும் அவர்தான். நான் சொன்னபோது ஏறாதது அவர் சொன்னதும் ஏறிவிட்டது. அத்தை தலையாட்டினாள்.

கார்த்திகை மாதக் கிருத்திகைக்குப் படம் அனுப்பினாள். தட்டில் வேல், அதன்மேல் பால் வழிகிறது. பின்னால் முருகன் காய்ந்த கால்களோடு நிற்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நெற்றியில் புளியங்கொட்டை அளவுக்குச் சந்தனம்.

"அத்தே, சந்தனமும் ஈரந்தானே?"

"பொட்டு அளவுதாண்டா" என்றாள்.